ஒரு நடிகருக்கு ஒரு வாரம் கொடுங்கள்

ஊர்தோறும் உலக சினிமா திரையிட்டு வரும் திரைப்படச் சங்க நண்பர்களுக்கு,

குரோசவா வாரம் நடத்துகிறீர்கள். ஓசு வாரம் நடத்துகிறீர்கள். கைக்குக் கிடைத்தால் மிசோகுச்சியையும் விடுவதில்லை. ஜப்பானிய சினிமா என்றால் இயக்குநர் பெயரில்தான் நாம் பட்டியல் போட்டுப் பழகியிருக்கிறோம். அதில் எனக்குக் குறையில்லை. அந்தப் பட்டியல்களின் வழியாகத்தான் நானும் அந்தப் படங்களை வந்தடைந்தேன். ஆனால் வரும் ஆண்டில் ஒரே ஒரு வாரத்தை ஒரு நடிகரின் பெயருக்கு எழுதிவையுங்கள். 2025 நவம்பர் 8 அன்று 92ஆவது வயதில் காலமான தத்சுயா நகாதைக்கு.

பெயர் சட்டென்று பிடிபடாவிட்டாலும் முகம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 'யோஜிம்போ'வில் வாள்வீரர்களுக்கு நடுவே கழுத்தில் கட்டம் போட்ட மஃப்ளரும் கையில் ரிவால்வருமாகச் சிரித்துக்கொண்டு வருவாரே, அவர். 'ரான்' படத்தில் எரிகிற கோட்டையிலிருந்து வெண்தாடியோடு பித்துப் பிடித்து இறங்கி வரும் கிழவரும் அவர்தான். இரண்டுக்கும் இடையே 24 ஆண்டுகள்.

இறந்துவிட்டார், அஞ்சலி செலுத்துவோம் என்பதற்காக மட்டும் நான் இதைக் கேட்கவில்லை. இயக்குநர்களை ஒவ்வொருவராகப் பார்க்கும்போது அவர்கள் தனித்தனித் தீவுகளாகத் தெரிகிறார்கள். குரோசவா, கோபயாஷி, நருசே, இச்சிகாவா, கினொஷிதா, தெஷிகஹாரா, ஒகமோட்டோ, கோஷா என்று ஒருவரோடு ஒருவர் ஒட்டாத இத்தனை பேரின் படங்களிலும் முக்கியப் பாத்திரத்தில் நின்ற ஒரே ஆளைத் தொடர்ந்து போனால், அந்தத் தீவுகளுக்கு இடையே ஓடிய தண்ணீர் கண்ணில் படும். அந்தக் காலத்து ஜப்பானில் இப்படி எல்லா இடத்துக்கும் போய்வருவது சாதாரணமாக நடக்கக்கூடியதாக இருக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1953இல் ஜப்பானின் ஐந்து பெரிய ஸ்டூடியோக்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. ஒரு கம்பெனியின் நடிகரை இன்னொரு கம்பெனி இழுக்கக் கூடாது, இரவலும் கேட்கக் கூடாது. நடிகர்கள் கம்பெனிச் சொத்து ஆனார்கள். தொஷிரோ மிஃபுனே என்றால் தோஹோ. அப்படி ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு முத்திரை. மாதச் சம்பளம், நட்சத்திர அந்தஸ்து, ஆண்டுக்கு இத்தனை படம் என்ற உத்தரவாதம் எல்லாம் அதில் கிடைத்தன. நகாதைக்கும் அழைப்புகள் வந்தன. அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஹயூஸா நாடகக் குழுவின் நடிகராகவே இருந்துகொண்டு, ஆண்டில் பாதியை மேடைக்கும் மீதியைத் திரைக்கும் பிரித்துக்கொண்டார். ஒரே பத்தாண்டில் தோஹோவிலும் ஷோச்சிகுவிலும் தையேயிலும் அவரைப் பார்க்க முடிவது அதனால்தான். சம்பளத்தை விட்டுக்கொடுத்து இயக்குநர்களைச் சம்பாதித்துக்கொண்டார் என்பேன்.

வசதியான வீட்டுப் பிள்ளை எடுத்த முடிவும் அல்ல அது. 1932 டிசம்பர் 13 அன்று டோக்கியோவில் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பா போய்விட்டார், வறுமை. 1945 மே மாதம் டோக்கியோ மீது குண்டு பொழிந்த இரவில், பன்னிரண்டு வயதுச் சிறுவனாக, எதிரே தனியாக நின்ற ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். ஓடி முடித்துத் திரும்பிப் பார்க்கும்போது அவர் கையில் அந்தக் குழந்தையின் கை மட்டும்தான் இருந்தது. முதுமையில் பல பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். போருக்கு எதிரான கதைகளை அவர் ஏன் விடாமல் தேடிப்போனார் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஹயூஸாவின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அங்கே கொரேயா செந்தா போன்ற ஆசிரியர்களிடம் குரலையும் உடம்பையும் பழக்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் 'செவன் சாமுராய்' படத்தில் ஒரு துண்டு வேடம் வந்தது. ஊரைக் காக்க வீரர்களைத் தேடி வரும் குடியானவர்கள் தெருவோரம் நின்று போகிற வருகிற சாமுராய்களைப் பார்க்கும் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். அதில் நடந்து போகிற ஒருவர் நகாதை. திரையில் சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடி நடைக்காகக் குரோசவா அவரைக் காலையிலிருந்து பிற்பகல் வரை திரும்பத் திரும்ப நடக்க வைத்தார். மொத்தப் படப்பிடிப்புக் குழுவும் நடிகர்களும் காத்துக் கிடக்க, பெயர் தெரியாத ஒரு மாணவன் வாளை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தான். இனி இந்த ஆள் படத்தில் நடிப்பதில்லை என்று அன்றே மனத்துக்குள் முடிவு செய்துகொண்டாராம். சில ஆண்டுகள் கழித்து 'யோஜிம்போ'வுக்கு அழைப்பு வந்தபோது தயங்கினார். குரோசவாவோ அந்த நடையை மறக்கவே இல்லை. அதை நினைவில் வைத்துத்தான் அழைத்திருந்தார்.

இடைப்பட்ட அந்த ஆண்டுகள் மசாகி கோபயாஷிக்கு உரியவை. 1957இல் 'பிளாக் ரிவர்' படத்தில் அமெரிக்க ராணுவத் தளத்தை ஒட்டிய சேரியில் திரியும் ரவுடியாக நகாதையை நடிக்க வைத்தவர், அடுத்து யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். 'தி ஹியூமன் கண்டிஷன்' முப்படத்தில் காஜி என்னும் கதாநாயகனாக, மனசாட்சி உள்ள ஒரு சாதாரண மனிதனாக, அதே ரவுடியை நிறுத்தினார். ஜப்பான் பிடித்துவைத்திருந்த மஞ்சூரியாவில் ஒரு சுரங்கத்துக்கு அதிகாரியாகப் போகிறான் காஜி. சீனக் கைதிகளை மனிதர்களாக நடத்தப் பார்க்கிறான். அதற்குத் தண்டனையாகப் பட்டாளத்துக்கு அனுப்பப்படுகிறான். பிறகு சோவியத் முகாமில் கைதி. கடைசியில் பனிவெளியில் தனி ஆள். 1959இலிருந்து 1961 வரை மூன்று படங்களாக வெளிவந்த இதன் மொத்த நீளம் ஒன்பதரை மணி நேரத்துக்கும் மேல். கோபயாஷியும் மஞ்சூரியாவில் சிப்பாயாக இருந்தவர். பதவி உயர்வு வேண்டாம் என்று மறுத்துக் கடைநிலை வீரனாகவே போரைக் கழித்தவர். தன் வாழ்க்கையைத் தூக்கி இருபத்தாறு வயது நடிகனின் தோளில் அவர் வைத்தார். அந்தத் தோள் தாங்கியது. மூன்றாம் படத்தின் முடிவில் பனி விழுந்து விழுந்து ஓர் உடலை மேடாக்குகிறது. முதல் படத்தில் பனி விழும் தெருவில் காதலியோடு நடந்த இளைஞன்தான் அது என்பதை நீங்கள் மறக்க முடியாதபடி, ஒவ்வொரு படிநிலையிலும் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போவதை நகாதை காட்டியிருப்பார்.

இப்போது 'ஹராகிரி'. எனக்கு அந்த வாரத்தில் ஒரே ஒரு படம்தான் திரையிட முடியும் என்று நீங்கள் சொன்னால் இதைத்தான் கேட்பேன். 1962இல் வந்தது. கதை நடப்பது 1630இல். வேலை இழந்த சாமுராய் ஒருவர், ட்சுகுமோ ஹன்ஷிரோ, ஒரு பெருங்குடும்பத்தின் மாளிகைக்கு வந்து, உங்கள் முற்றத்தில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக இடம் தாருங்கள் என்று கேட்கிறார். சில மாதங்களுக்கு முன் இதே கோரிக்கையோடு வந்த ஓர் இளைஞனை அந்த வீட்டார் மூங்கில் கத்தியாலேயே கிழித்துக்கொள்ள வைத்திருக்கிறார்கள். அந்த இளைஞன் தன் மருமகன் என்பதை ஹன்ஷிரோ உடனே சொல்வதில்லை. வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து கதை சொல்கிறார். படத்தின் பெரும்பகுதி அவ்வளவுதான்: நாலு பக்கமும் வாளோடு ஆட்கள், நடுவே உட்கார்ந்து பேசும் ஒருவர்.

நகாதைக்கு அப்போது வயது 29. பேரன் கண்ட தாத்தாவாக நடிக்கிறார். மருமகனாக நடித்த அகிரா இஷிஹாமாவுக்கும் அவருக்கும் வயது வித்தியாசம் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. ஒட்டுத் தாடியும் சாயமும் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது. அவர் அதைக் குரலால் நிரப்பினார். அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த, அவசரமே இல்லாத குரல். ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் விடுகிற அந்த இடைவெளியில், முற்றத்தில் நிற்கிற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தலையை வெட்டும் பொறுப்புக்கு இன்னார் வர வேண்டும் என்று மூன்று பேரைப் பெயர் சொல்லிக் கேட்கிறார். மூவரும் உடம்பு சரியில்லை என்று வரவில்லை. பிறகு மடிக்குள்ளிருந்து எதையோ எடுத்து ஒவ்வொன்றாகத் தரையில் எறிகிறார்: அந்த மூவரின் குடுமிகள். ஒரு சாமுராய்க்குக் குடுமி போவது உயிர் போவதற்கு மேல். அந்த இடத்தில் நகாதை குரலை உயர்த்துவதே இல்லை. கணக்கு முடித்துப் பாக்கியைத் திருப்பித் தருகிற ஆளைப் போல எறிவார். இதைப் பெரிய திரையில், நல்ல ஒலியோடு பார்க்க வேண்டும். கைபேசியில் பார்த்தவர்களையும் மறுபடி வரச் சொல்லுங்கள். வெட்டவெளியில் காற்று புல்லைப் புரட்டிப் போட, தெத்சுரோ தம்பாவோடு மோதும் சண்டையில் நிஜ வாள்களையே பயன்படுத்தியதாக நகாதை சொல்லியிருக்கிறார். இருவர் கண்ணிலும் தெரிகிற எச்சரிக்கைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு கான் விழாவில் படத்துக்கு நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது.

நகாதையைப் பற்றி ஒரு குறை வழக்கமாகச் சொல்லப்படும்: மேடை நடிப்பு, கண்ணை அகல விரிக்கிறார், மிகை. 'தி ஸ்வார்ட் ஆஃப் டூம்' படத்தில் காரணமின்றிக் கொல்லும் ரியுனொசுகேயாக, எதையுமே பார்க்காத பார்வையோடு அவர் வருவதை மட்டும் பார்த்தவர்கள் அப்படி நினைக்கலாம். அந்தக் குறையை நான் ஏற்கவில்லை. அவர் உடம்பு மேடையில் பழகியது, உண்மைதான். அதனால்தான் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் விரியவும், இருக்கிற இடமே தெரியாமல் ஒடுங்கவும் அவருக்கு முடிந்தது. மிகியோ நருசேயின் 'வென் எ வுமன் அசெண்ட்ஸ் தி ஸ்டேர்ஸ்' படத்தைப் பாருங்கள். கின்ஸா மதுக்கூடம் ஒன்றின் மேலாளர் வேடம். முதலாளியம்மா நிலையில் இருக்கும் ஹிதேகோ தகாமினேயை மனத்துக்குள் விரும்பிக்கொண்டே வரவுசெலவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள். கண்ணை விரிக்கவே இல்லை. கிட்டத்தட்ட எதையுமே செய்யவில்லை. அடுத்த ஆண்டே கினொஷிதாவின் 'இம்மார்ட்டல் லவ்'வில் அதே தகாமினேயின் வாழ்க்கையைக் கெடுத்து மணந்துகொள்ளும், கால் ஊனமான பண்ணையார் மகன். இளைஞனாகத் தொடங்கி, ஏறத்தாழ முப்பதாண்டு வெறுப்பைச் சுமந்து கிழவனாகி முடிகிற பாத்திரம். இந்த இரண்டையும் அடுத்தடுத்துத் திரையிடுங்கள். மிகை என்ற பேச்சு அதன் பிறகு எழாது.

தெஷிகஹாராவின் 'தி ஃபேஸ் ஆஃப் அனதர்' இன்னொரு கோடி. விபத்தில் முகம் வெந்துபோனவன் முதல் பகுதி முழுக்கக் கட்டுப் போட்ட தலையோடு வருகிறான். அந்தக் கண்கள்தான் நகாதையின் சொத்து என்பவர்கள், முகம் மறைந்த பிறகு வெறும் குரலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கட்டும்.

குரோசவாவிடம் அவர் நடித்த படங்கள் உங்களில் பலருக்கு மனப்பாடம் என்பதால் விரைவாகச் சொல்கிறேன். 'சன்ஜுரோ' முடிவில் மிஃபுனேயின் ஒரே வீச்சில் அவர் நெஞ்சிலிருந்து ரத்தம் பீறிடும். உடைக்குள் பொருத்தியிருந்த குழாயில் அழுத்தம் அளவுக்கு மீறிப்போய் யாரும் நினைத்ததைவிடப் பலமாக அடித்தது. அவர் அசையாமல் நின்று விழ வேண்டிய விதத்தில் விழுந்ததால் அந்த டேக் பிழைத்தது. 'ஹை அண்ட் லோ'வில் போலீஸ் இன்ஸ்பெக்டர், அடக்கமான வேலை. 'ககேமுஷா' அவருக்கென எழுதப்பட்டதல்ல. ஷின்டாரோ காட்சு நடிக்க வேண்டியது. படப்பிடிப்பின் தொடக்கத்திலேயே குரோசவாவோடு முறிந்து அவர் வெளியேற, நகாதை வந்து தலைவன், அவனுக்குப் போலியாக நடிக்கும் திருடன் என்ற இரட்டை வேடத்தையும் ஏற்றார். 1980இல் கானின் தங்கப்பனை பாப் ஃபாஸியின் 'ஆல் தட் ஜாஸ்' படத்தோடு பகிரப்பட்டது.

'ரான்' பற்றி மட்டும் விரைவாகப் போக மனம் வரவில்லை. 52 வயதில் 70 வயது ஹிதெதொரா. நோ நாடக முகமூடியை ஒத்த அந்த ஒப்பனைக்கே தினமும் பல மணி நேரம். ஃபூஜி மலைச்சரிவில் படத்துக்காகவே கட்டிய கோட்டையை உண்மையாகவே கொளுத்தினார்கள். இன்னொரு முறை எடுக்க வழியில்லை. தன் பிள்ளைகளின் படைகளே சூழ்ந்து நிற்க, செத்துப்போகவும் கையில் வாளில்லாமல், கிழவர் அந்தப் புகைக்குள்ளிருந்து வெளியே வந்து செங்குத்தான படிகளில் இறங்க வேண்டும். பித்தன் படியைப் பார்த்து இறங்க மாட்டான். ஆகவே நகாதை காலடியைப் பார்க்கவில்லை. எங்கோ வெறித்தபடி, நீண்ட அங்கி படிகளில் புரள, பின்னால் கோட்டை எரிய, இறங்கி வருகிறார். இரு படைகளும் வழிவிட்டு ஒதுங்குகின்றன. ஒரு படி தவறியிருந்தால் காட்சி போயிருக்கும். 'செவன் சாமுராய்'க்காக நடக்கத் தெரியாமல் நடந்தவரிடம் அதே குரோசவா முப்பதாண்டு கழித்து ஒப்படைத்த நடை இது.

திரை உச்சத்தில் இருக்கும்போதே, 1975இல், அவரும் மனைவி யாசுகோ மியசாகியும் சேர்ந்து தங்கள் வீட்டிலேயே முமெய்ஜுகு என்ற நடிப்புப் பள்ளியைத் தொடங்கினார்கள். கட்டணம் வாங்கவில்லை. நாடக எழுத்தும் இயக்கமும் மனைவி பொறுப்பு. 'பெர்ஃபெக்ட் டேஸ்' பார்த்து நாம் எல்லாரும் மெச்சினோமே, 2023 கான் விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கிய கோஜி யாகுஷோ, அவர் அந்தப் பள்ளியின் பிள்ளை. வார்டு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரைச் சேர்த்துக்கொண்டு, அலுவலகத்தை நினைவூட்டும் அந்த மேடைப் பெயரையும் வைத்தவர் நகாதைதான். 1996இல் மனைவி இறந்த பிறகும் பள்ளியை அவர் விடவில்லை. நோட்டோ தீபகற்பத்தில் அவர் குழு பயிற்சிக்குப் போய்வந்த ஊரில் 1995இல் ஒரு நாடக அரங்கம் எழும்பியது. மேடையின் பின்சுவர் அப்படியே திறக்கும். வெளியே இருக்கும் மரங்களும் சரிவும் காட்சிக்குள் வந்துவிடும். 2024 புத்தாண்டு அன்று நோட்டோவை நிலநடுக்கம் உலுக்கியது. மறு ஆண்டு, 92 வயதில், நகாதை அங்கே போய் பிரெக்டின் 'மதர் கரேஜ்' நாடகத்தில் நாயகியாகவே நின்றார். போர் வண்டியை இழுத்துப் பிழைக்கும் தாய் வேடத்தில். அது முடிந்து சில மாதங்களில் போய்ச் சேர்ந்தார்.

எழுபதாண்டுத் திரை வாழ்க்கை என்று சொல்லிவிடுவது எளிது. அதில் படமே வராத ஆண்டுகளும் உண்டு. பின்னாளில் கதாநாயக வேடங்கள் அருகிப்போன நிலையில், 2010இல் 'ஹாருஸ் ஜர்னி' வந்தது. ஹொக்கைடோவின் ஒரு மீனவக் கிழவர், நொண்டும் காலோடு, பேத்தியை அழைத்துக்கொண்டு, தன்னை யாராவது வைத்துக்கொள்வார்களா என்று உடன்பிறந்தவர் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போகிறார். வீம்பு, கோபம், சுயநலம், எல்லாம் உள்ள கிழவர். பார்வையாளரின் பரிவுக்காக ஒரு கணம்கூட அவரை நகாதை நல்லவராக்கிக் காட்டுவதில்லை. வாரத்தின் கடைசிப் படமாக இதைப் போடுங்கள். காஜியிலிருந்து தொடங்கி இங்கே வந்து சேரும்போது ஒரு மனித முகத்தின் ஐம்பதாண்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உலக சினிமாவில் இப்படிப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

இனி நடைமுறை. 'தி ஹியூமன் கண்டிஷன்' படத்தை ஒரே நாளில் போட்டு ஆட்களைக் களைப்பாக்க வேண்டாம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரித்து, வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். 'செவன் சாமுராய்' முழுதும் தேவையில்லை, அந்தத் தெருக்காட்சியை மட்டும் முதல் நாள் காட்டினால் போதும். 'யோஜிம்போ', 'ரான்' இரண்டும் ஏற்கெனவே பலமுறை போட்டவை என்று தயங்காதீர்கள். இந்த முறை பார்க்கப்போவது வேறு. ஊரில் நாடகம் போடுகிறவர்களைக் கண்டிப்பாக அழையுங்கள். படம் முடிந்து பேசும்போது முதல் வார்த்தையை அவர்களிடம் கொடுங்கள், குரலைப் பற்றியும் நடையைப் பற்றியும் நம்மைவிட அவர்களுக்குத் தெரியும். துண்டறிக்கையில் இயக்குநர், ஆண்டு, நாடு, நிமிடம் என்று அச்சிடுகிற வரிசையில் நடிகர் பெயருக்கும் ஓர் இடம் வையுங்கள். இது நன்றாக நடந்தால் அடுத்த ஆண்டு ஹிதேகோ தகாமினே. அதற்கடுத்து தகாஷி ஷிமுரா.

டிசம்பர் 13 அவர் பிறந்தநாள் என்றாலும் அந்தச் சமயத்தில் சென்னையில் திரைப்பட விழா பரபரப்பு இருக்கும். சென்னை நண்பர்கள் பிப்ரவரியில் வைத்துக்கொள்ளலாம். மற்ற ஊர்க்காரர்கள் டிசம்பரிலேயே தொடங்கலாம். அரங்கு உறுதியானதும் தேதியைத் தெரிவியுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்க அறிமுகக் குறிப்பைத் தமிழில் எழுதித்தருவது என் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் திரையிடல்களின் பழைய பார்வையாளர் ஒருவர்